செலவாகாத காது

முட்டுச்சந்து குழுவின் கடைசி ஆல்பத்தை ஒருவர் ஒரு தடவைதான் கேட்க முடியும் என்பது எங்கள் ஐஸ் கம்பெனித் தெருவுக்குத் தெரியவந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் இறால் கம்பெனியில் இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். லோடு லோடாக இறால் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது, உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, தெருவே கூடிக் கேட்கிறதே நான் மட்டும் இங்கே நாறிக்கொண்டு நிற்கிறேனே என்று வயிறு எரிந்தபடி நின்றேன். அப்படிக் கேட்காமல் போனதுதான் பிற்பாடு என்னைத் தெருவுக்கே பெரிய மனுஷி ஆக்கியது, என் தூக்கத்தையும் கெடுத்தது.

முட்டுச்சந்து எங்கள் தூத்துக்குடிக் குழு. பங்க் பாடுவார்கள். பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் கிளாடிஸ் அக்கா, "வாசிக்கத் தெரிஞ்சவன் பொறுமையா வாசிச்சா அது கச்சேரி, தெரியாதவன் கோவத்துல அடிச்சா இது" என்பாள். அவள்தான் பாடுகிறவள், அதாவது கத்துகிறவள். இசக்கிராசா டிரம்ஸ் அடிப்பான், மச்சாது கிட்டாரை அறுப்பான். வாடகையை ஏற்றிக்கொண்டே போகும் வீட்டுக்காரன், ஆள் பார்த்துத் தண்ணீர் விடும் லாரிக்காரன், பெண் பார்க்க வந்து பல்லை எண்ணுகிற மாமியார் என்று ஒருவரையும் விடாமல் வைது பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டும் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். இறால் மேஜை முன்னால் முகமூடிக்குள் வாயை அசைத்து அந்தப் பாட்டுகளை நான் கத்தாத ஷிப்ட் இல்லை. அவை இல்லாவிட்டால் என்றைக்கோ யாரையாவது உரிக்கிற கத்தியால் குத்தியிருப்பேன்.

புது ஆல்பம் வந்தால் அதைத் தனியாகக் கேட்பது எங்கள் கூட்டத்தில் துரோகம். மைக் செட் கடை ஜெபமாலை அண்ணன் கைக்குத்தான் பென் டிரைவ் வரும். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் எல்லாரும் அவர் கடையில் கூடுவோம், அவர் கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுகிற ஆளுயரப் பெட்டிகளைச் சுற்றி நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பாட்டைத் திறந்துவிடுவார். முதல் தடவை போடும்போது யாரும் காதுகொடுத்துக் கேட்கக் கூடாது. குதிக்க வேண்டும், ஒருத்தரை ஒருத்தர் இடிக்க வேண்டும், வரி தெரியாததால் வாய்க்கு வந்ததைக் கத்த வேண்டும். "மொதத் தடவ ஒடம்புக்கு, ரெண்டாம் தடவ காதுக்கு" என்பது ஜெபமாலை அண்ணன் போட்ட சட்டம். உடம்பில் இருக்கிற வெறி இறங்கினால்தான் காது திறக்குமாம்.

அன்றைக்கும் அப்படியே உடம்புக்குப் போட்டார்கள், குதித்தார்கள், குழு கலையப்போகிறதே என்ற ஆற்றாமையில் வழக்கத்தைவிட அதிகமாகவே கத்தினார்கள். பிறகு வேர்த்து விறுவிறுத்து, சோடா குடித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதுக்கு என்று இரண்டாம் தடவை போட்டபோது சத்தமே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு ஏறி இறங்கியது, பெட்டி அதிர்ந்தது, பெட்டியின் மேல் யாரோ வைத்த சோடா பாட்டில் துள்ளிக் கீழே விழுந்து உடைந்தது, உடைந்த சத்தமும் இல்லை. ஜெபமாலை அண்ணன் வயரைப் பிடுங்கி மாட்டினார், பெட்டியைக் கழற்றினார், மூன்றாம் தடவை போட்டார், நான்காம் தடவை போட்டார். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை டீ மாஸ்டர் காஜா உள்ளே வந்து வாயை வாயை அசைத்துச் சண்டை போட்டார். பாட்டை நிறுத்தியதும், "கொஞ்சம் கொறச்சு வைங்கய்யா, அடுப்புல பாலு ஆடுது" என்று அவர் கத்துவது கேட்டது. முந்தி போட்டபோதெல்லாம் அவர் பால் எடுக்கப் போயிருந்து இப்போதுதான் வந்தவர், அவருக்கு மட்டும் பாட்டுக் கேட்டிருக்கிறது. மறுபடி போட்டுப் பார்த்தார்கள், அவருக்கும் கேட்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். ஏன் அப்படி என்று தெருவில் யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஐஸ் உடைக்கிற மெஷின் ஏன் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும் என்பதற்கே பதில் கிடைக்காத தெரு எங்களுடையது.

பாடினவர்களுக்கும் அதே கதிதான். பதிவு பண்ணும்போது கேட்டதோடு அவர்கள் காதும் செலவாகிவிட்டது, காதோடு சேர்ந்து பாட்டும் கையைவிட்டுப் போய்விட்டது. இசக்கிராசா குச்சியோடு உட்கார்ந்தால் பழைய பாட்டெல்லாம் வரும், இந்த ஆல்பத்தில் ஒன்றும் வராது. கிளாடிஸ் அக்கா பாட்டை எழுதிவைக்கிறவளும் இல்லை, உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டு பாடிவிட்டுக் கை கழுவிவிடுவாள். "போதும்" என்று அந்த ஆல்பத்துக்குப் பேர் வைத்தார்கள், அதோடு கலைந்தார்கள். மச்சாது பெங்களூருக்குப் போனான், இசக்கிராசா லாரி பட்டறைக்குத் திரும்பினான், கிளாடிஸ் அக்கா ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலையில் சேர்ந்தாள்.

எங்கள் கூட்டம் லேசில் விடவில்லை. தாங்கள் கேட்டது தங்கள் கூச்சலைத்தான் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்கள், பிறகு செலவாகாத காதுகளைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். கேட்டுச் சொல்லுங்கள், கேட்டுச் சொல்லுங்கள் என்று அன்றைக்கு வெளியூர் போயிருந்த டெய்லர் முத்துப்பேச்சியை உட்காரவைத்தார்கள், உப்பு லாரி டிரைவர்களை உட்காரவைத்தார்கள், பங்குச் சாமியாரையே உட்காரவைத்தார்கள். முத்துப்பேச்சி முழுசாகக் கேட்டுவிட்டு, "யாரோ வீட்டுக்காரங்கூட சண்ட போடுதா, பெல்ட்டு லூசான மெஷினு ஒண்ணு ஓடுது" என்றாள். டிரைவர்கள் கிளச் போய்விட்டது என்றார்கள். சாமியார் நெடுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றார். இப்படி ஒவ்வொரு காதாகச் செலவாகி, கடைசியில் தெருவில் செலவாகாத காது என்று என் இரண்டும்தான் மிஞ்சின. பழைய ஆல்பம் எல்லாம் தலைகீழாகத் தெரிந்த காது, இசக்கிராசா எந்த இடத்தில் அவசரப்படுவான், கிளாடிஸ் அக்கா எந்த வரியில் மூச்சு வாங்குவாள் என்று தெரிந்த காது. என் மேல் அவர்களுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே, பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு விட்டுக்கொடுத்தார்கள்.

இதற்கிடையில் தெரு அந்த ஆல்பத்துக்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டது. செலவான காதுக்குப் பாட்டு மட்டுமா கேட்காது, பாட்டுப் பரவும் இடத்தில் எதுவுமே கேட்காது. ஐஸ் மெஷின் கேட்காது, கண்டெய்னர் லாரி கேட்காது, மாமியார் கேட்காது. செல்போனில் போட்டால் தலையணை அகலத்துக்கு அமைதி, ஜெபமாலை அண்ணனின் பெட்டிகளில் முழுச் சத்தத்தில் போட்டால் தெரு நீளத்துக்கும் அமைதி. முதலில் இதைக் கவனித்தவள் முத்துப்பேச்சிதான், அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஐஸ் மெஷின். கல்யாணமாகி வந்த நாள் முதல் மத்தியானம் தூங்கியறியாதவள் ஒரு நாள் கடை வாசலிலேயே தூங்கிப்போனாள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் போடுவியளா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முட்டுச்சந்தைப் போடுவது தெரு வழக்கமானது. பள்ளிவாசல் நேரம், மாதா கோயில் மணி நேரம், அம்மன் கோயில் பூசை நேரம் எல்லாம் பார்த்துப் பெரியவர்கள் கூடி ஒரு நேரம் குறித்தார்கள். ஹாரன் கேட்காமல் ஒருவர் லாரியில் அடிபடப் பார்த்ததால், ஆல்பம் ஓடும்போது தெருமுனையில் சிவப்புத் துணி கட்டிச் சைக்கிள்கூட உள்ளே விடுவதில்லை என்றும் முடிவானது. கவுன்சிலர் வந்து இதைத் திறந்துவைக்கப் பார்த்தார், திறந்துவைக்க ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினோம். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கு முதல் நாள் விருந்தோடு ஆல்பத்தையும் போட்டு, காதைச் செலவழித்துவிட்டு, மறுநாளிலிருந்து தூங்கவைத்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் தூங்கினார்கள், நைட் ஷிப்ட்காரர்கள் தூங்கினார்கள், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி பாதியில் ஒன்றும் கேட்காமல் போய், வாயைப் பார்த்துப் பார்த்து அலுத்து, அப்படியே தூங்கினார்கள். கிளாடிஸ் அக்கா ஊர் உறங்கவிடாமல் கத்திய கத்தலில் ஊர் உறங்கியது.

நான் ஒருத்திதான் உறங்கவில்லை. விடிய விடிய இறால் உரித்து, மிச்ச லோடையும் முடித்துக்கொண்டு மத்தியானம் வந்து, குளித்து, வாசனை போகாத கையால் நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, பாய் விரிக்கப்போகும் நேரம் தெருமுனையில் சிவப்புத் துணி ஏறும். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு வரி காதில் விழுந்தாலும் அந்த வரி போய்விடும். கிடைத்த டவுன் பஸ்ஸில் ஏறி, தூங்கிவிட்டால் எங்கேயோ கொண்டுபோய்விடுவானே என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உப்பளம் வரைக்கும் போய், வெயிலில் நின்று, திரும்பி வரும்போது தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டு சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும், ஐஸ் மெஷின் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் படுத்துப் புரண்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்புவேன். கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது. மேஜை முன்னால் நின்றபடி தூங்கி, இறாலுக்குப் பதில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன்.

"கேட்டுத் தொலையேன்ட்டீ" என்றாள் என் மதினி, தையல் போட்ட விரலைப் பார்த்து. அண்ணன் கப்பலில் இருப்பதால் வீட்டில் நானும் அவளும்தான். "ஒரு பாட்டக் கேக்கதுக்கு என்ன இவ்வளவு கிராக்கி? கேட்டுட்டு எல்லாரையும் மாதிரிப் படுத்துத் தூங்கு."

"நல்ல நெலமையில கேக்கணும் மதினி. தூக்கக் கலக்கத்துல கேட்டு வீணாக்கக் கூடாதுன்னு ஜெபமாலை அண்ணன் சொல்லுதாவ."

"நீ தூங்குனாத்தான் கேப்ப. கேட்டாத்தான் தூங்குவ. நல்லா இருக்குட்டீ ஒங்க நியாயம்."

மதினி சொன்னது சரிதான். ஆனால் அவளிடம் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. நான் அந்த ஆல்பத்தைக் கேட்காத வரைக்கும் முட்டுச்சந்து முடியவில்லை. எல்லாருக்கும் முடிந்துபோனது எனக்கு மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. தூக்கம் போனால் போகட்டும், கேட்டு முடித்த பிறகு எதை வைத்துக்கொண்டு அந்த மேஜை முன்னால் நிற்பது என்று பயந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சிவப்புத் துணி ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், கிளாடிஸ் அக்காவே வீட்டுக்கு வந்தாள். ஸ்கூல் வேனிலிருந்து நேராக இறங்கி வந்தவள், தோளில் யாரோ பிள்ளையின் தண்ணீர் பாட்டில் மறந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையில் பார்த்த ஆள் பாதியாகியிருந்தாள். தொண்டை கம்மிப்போய், கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் பேச்சுக் கேட்டது.

"ஏட்டி சுசீலா, ஒன் காது இன்னும் செலவாகலன்னு சொல்லுதாவளே, நெசமா?"

"நெசந்தான் யக்கா."

"எனக்காக இன்னைக்குக் கேப்பியா?"

மதினி காப்பி வைக்க எழுந்தாள். கிளாடிஸ் அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுச் சொன்னாள். பெங்களூரில் பெரிய விழாவாம், மச்சாது பேசிவிட்டானாம், முட்டுச்சந்து திரும்பி வருகிறது என்று போஸ்டர் அடிக்கக் காத்திருக்கிறார்களாம், சாயங்காலத்துக்குள் இவள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"போங்க யக்கா, போயிட்டு வாங்க! இதுல என்ன யோசன?" என்று துள்ளிவிட்டேன்.

"நான் எதுக்கு நிறுத்துனேன்னு நெனைக்க? கோவம் வரலட்டீ. மேடையேறுனா கை ஆடும், வாயி ஆடும், உள்ள ஒண்ணும் இருக்காது. பழைய கோவத்த நடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தக் கடைசி ஆல்பத்துல உள்ள இருந்து வந்துச்சா, அதுவும் நடிப்பான்னு எனக்குத் தெரியல. பாடி முடிச்சதும் எல்லாம் போச்சு. நல்லா இருக்குன்னா எங்கிட்ட இன்னும் இருக்குன்னு அர்த்தம், போயிருவேன். இல்லன்னா வேன்லயே இருந்துருவேன். ஏதோ ஒண்ணு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம்."

"தெருவே அதப் போட்டுத்தான தூங்குது. நீங்களும் தூங்கலாமே யக்கா?"

"தூங்கிப் பாத்தேன். எனக்குக் கேக்கலன்னாலும் அங்க நான் கத்திக்கிட்டுக் கெடக்கேன்னு தெரியுமே. என்னத்தச் சொல்லிக் கத்துதேனோன்னு கண்ணு முழிச்சுக் கெடப்பேன்."

சாயங்கால ஷிப்டுக்குப் போகிறவர்களும் எங்கள் கூட்டமும் கேள்விப்பட்டு ஜெபமாலை அண்ணன் கடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு. இந்தக் கோலத்துலயா கேக்கப்போற? நாளைக்கு லீவு போட்டுத் தூங்கி எந்திச்சு வா தாயி."

"நாளைக்கு வரைக்கும் மச்சாது பொறுக்க மாட்டான்ண்ணே."

"அப்ப ஒடம்புக்கா, காதுக்கா?"

"காதுக்கு. ஒரே தடவதான, காதுக்கே போடுங்க."

அவருடைய சட்டத்தை முதல் தடவையாக ஒருத்தி மீறினாள். மடித்து வைத்த பந்தல் துணிகளின் மேல் நான் உட்கார்ந்தேன். கிளாடிஸ் அக்கா எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். தெருமுனையில் துணி ஏறியது. அண்ணன் பொத்தானை அமுக்கினார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் அமைதிக்குள் இறங்கியது அவர்கள் முகத்தில் தெரிந்தது, காஜா மாஸ்டர் பெஞ்சில் சாய்ந்தார், முத்துப்பேச்சி சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டாள், அத்தனை பேர் நடுவில் என் ஒருத்தியின் தலையில் மச்சாதுவின் கிட்டார் வந்து விழுந்தது. முதல் பாட்டு பழைய முட்டுச்சந்தேதான். வீட்டுக்காரன், சாவி, வாசலில் எறிந்த பாத்திரம் என்று கிளாடிஸ் அக்கா வரிசையாக எறிய, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எதிரே உட்கார்ந்திருந்தவள் என் சிரிப்பைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். இரண்டாவதும் ஓடியது, ஆனால் கஷ்டப்பட்டு ஓடுகிற கால் தெரிந்தது. மூன்றாவதில் இசக்கிராசா பின்தங்கினான், எந்தப் பாட்டிலும் முந்திக்கொண்டு ஓடுகிறவன், மூட்டையோடு மாடிப்படி ஏறுகிறவன் மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்தான், மச்சாது அவனுக்காக நின்று நின்று போனான். அடுத்து வந்த பாட்டுகளில் முன்பு கத்திய இடத்தில் கத்தினார்கள், முன்பு நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்கள், எனக்கு அடுத்த வரி வருவதற்கு முன்பே அடுத்த வரி தெரிந்தது, தெரிந்ததில் சந்தோஷமே வரவில்லை. தண்ணீர் லாரியைத் திட்டுகிற பாட்டு ஒன்று. தண்ணீர் லாரியைப் பற்றி இதைவிட நன்றாக அவர்களே முன்பு திட்டியிருக்கிறார்கள். என் முகம் விழுந்திருக்க வேண்டும், அக்கா என் முழங்காலைப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு சத்தம் குறைந்து, வெறும் டிரம்ஸின் மேல் அவள் கத்தாமல் பேசினாள். கோவத்தைக் காணோம், கோவத்தைக் காணோம், வீட்டைக் கூட்டிப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், அடுத்த வீட்டில் இரவல் கேட்டேன், அவர்கள் வீட்டிலும் தீர்ந்துபோச்சாம் என்று சாவியைத் தொலைத்தவள் புலம்புகிற மாதிரி புலம்பினாள். நடுவில் இருமல் வந்தது. "ராசா, தண்ணி இருக்கா?" என்று கேட்டாள், குடிக்கிற சத்தம் கேட்டது, அதையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் இவளுடைய கோபத்தைக் கடன் வாங்கித்தானே நான் ஷிப்ட் ஷிப்டாக நின்றேன், நான் வாங்கி வாங்கித்தான் அங்கே தீர்ந்ததோ என்று தோன்றியது. கடைசிப் பாட்டில் மூன்று பேரும் ஒரே வேகத்தில் கிளம்பினார்கள், கிட்டார் சுற்றிச் சுற்றி வந்தது, அவள் எப்போது நுழைவாள் என்று நான் காத்திருந்தேன். மைக்குக்குக் கிட்டே வந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறாள், அது தெளிவாகக் கேட்டது, இழுத்த மூச்சைக் கத்தாமல் வெளியே விட்டுவிட்டாள். அவ்வளவுதான். கிட்டார் இன்னும் இரண்டு சுற்று வந்து நின்றது.

லாரி சத்தமும் மெஷின் சத்தமும் திரும்பி வந்தன. தூங்கியவர்கள் எழுந்து என்னைப் பார்த்தார்கள். எப்படி இருக்கு என்று கேட்கும் உரிமை கிளாடிஸ் அக்காவுக்குத்தான் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆசையை மறைக்க மாட்டேன். பிரமாதம் யக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போஸ்டர் அடிப்பார்கள், அவள் மேடையேறுவாள், இன்னொரு ஆல்பம் வரும், அதற்கடுத்து இன்னொன்று வரும், எனக்கு வேண்டிய கோபம் ஆயுசுக்கும் கிடைக்கும். பொய் என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு முட்டுச்சந்தைத் தெரிந்த காது எதுவும் உலகத்தில் மிச்சமில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தேன். தினமும் முகம் கழுவும்போது என் கண்ணுக்குக் கீழே பார்க்கிற அதே கருப்பு அங்கேயும் இருந்தது.

"யக்கா, நீங்க களைச்சுப் போயிருக்கீய" என்றேன். "ஆல்பம் முழுக்க அது தெரியுது."

"நல்லா இல்லையோ?"

"மொதப் பாட்டு அருமையா இருக்கு. நடுவுல நாலு பாட்டு நல்லா இல்ல யக்கா, இசக்கிராசா பிந்துதான், எதுக்குப் பாடுதோம்னு தெரியாமப் பாடியிருக்கீய. அப்புறம் கோவத்தக் காணோம்னு தேடுதீய பாருங்க, அந்த மாதிரி நீங்க எப்பவும் பாடுனதில்ல. அது நடிப்பே இல்ல. ஆனா அதுல தேடித்தான் பாக்கீய, கிடைக்கல."

"கடைசியில?"

"கடைசியில பாடவே இல்ல. மூச்ச இழுத்துட்டு விட்டுட்டீய."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று நான் பயந்தேன், முதுகு குலுங்கியது, பார்த்தால் சிரிக்கிறாள். "விட்டுட்டனா? கத்தலையா? அடிப்பாவி, இத்தன நாளும் நான் அங்க கத்திக்கிட்டு இருக்கேன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு போனை எடுத்து மச்சாதுவைக் கூப்பிட்டாள். "வரல மச்சாது" என்றாள். "இல்லல, கோவமில்ல, வருத்தமில்ல. முடிஞ்சுபோச்சுல, அவ்வளவுதான். நல்லபடியா இரு" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் கூட்டத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "நாலு பாட்டு நல்லா இல்லையா? எந்த நாலு?" என்று ஜெபமாலை அண்ணன் அடிபட்ட மாதிரி கேட்டார். இசக்கிராசா பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து நின்று, "நான் பிந்துனேனா?" என்று கேட்டான், ஆமாம் என்றதும், "முதுகு வலிட்டீ" என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினான். ஒருத்தன், இவளுக்குத் தூக்கக் கலக்கம், இவள் சொல்வதை நம்பாதீர்கள் என்றான். இன்னொருத்தி, நான் அன்றைக்கே உடம்பில் உணர்ந்தேன், எதுவோ சரியில்லை என்றாள். அவர்கள் பாட்டுக்கு வாதாடிக்கொண்டிருந்தார்கள், அந்த ஆல்பத்தை ஆளுக்கொரு விதமாகத் தங்கள் வாயாலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்து நிற்கவும் தெம்பு இல்லை. இனிமேல் எனக்கு முட்டுச்சந்து இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது, மனசு கனத்தது, ஆனால் அதைவிட உடம்பு கனத்தது.

"அண்ணே" என்று கம்மிய தொண்டையில் கூப்பிட்டாள் கிளாடிஸ் அக்கா. "இன்னொரு தடவ போடுவியளா?"

இன்றைக்குப் போட்டாயிற்றே என்று ஒருவரும் சொல்லவில்லை. காஜா மாஸ்டரே எழுந்து போய்ச் சிவப்புத் துணியை மறுபடி ஏற்றினார். அக்கா தோளில் கிடந்த தண்ணீர் பாட்டிலைக் கழற்றி வைத்துவிட்டு, பந்தல் துணிகளின் மேல் எனக்குப் பக்கத்தில் கட்டையைச் சாய்த்தாள். ஜெபமாலை அண்ணன் பொத்தானை அமுக்கியதும் லாரி போனது, மெஷின் போனது, எந்த நாலு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாய் மட்டும் அசைந்தது. இவ்வளவு பெரிய அமைதியை விட்டுவிட்டா பஸ் பஸ்ஸாக ஏறி ஓடினேன் என்று நினைத்தேன், அந்த நினைப்பு முடிவதற்குள் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது சத்தமெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்திருந்தது, ஆல்பம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெபமாலை அண்ணன் ஆம்ப்ளிஃபயரை அணைக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கிளாடிஸ் அக்கா வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், லாரி ஹாரனுக்கு அவள் இமை லேசாக அசைந்தது. நான் படுத்தபடியே கையைத் தூக்கி, அணைக்க வேண்டாம், முதலிலிருந்து போடுங்கள் என்று அண்ணனுக்குச் சைகை காட்டினேன்.